பேரா கடலோரத்தில் அரை நாள் சுற்றுலா: தமிழரின் வாசல் எங்கே?

ஈப்போவில் காலைப் பசியாறி முடித்து வேனில் ஏறினால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சித்தியவான் வந்துவிடும். அங்கே மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடும் கோம்பியா ரொட்டி. அடுத்து கம்போங் கோவில் சிவப்பு அரிசி மது, அதைச் சேர்த்துச் சமைத்த மீ சுவா. பிறகு லுமுட் கடற்கரை, சிப்பிகளால் செய்த கைவினைப் பொருள்கள், நேரம் இருந்தால் படகேறி பங்கோர் தீவு. மதியம் தாண்டுவதற்குள் திரும்பிவிடலாம். மஞ்சோங் மாவட்டத்தில் அரை நாள் சுற்றுலா என்றால் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. கொஞ்சம் கடல், கொஞ்சம் கைத்தொழில், கடைசியில் உள்ளூர் மதுவில் ஒரு வாய்.

2026ஆம் ஆண்டு 'மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு' என அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னோட்டம் போல 2024இல் பேரா மாநிலம் தனக்கென ஒரு வருகை ஆண்டை நடத்தியது. பங்கோர் 2020 ஜனவரி 1 முதல் வரியில்லாத் தீவாக இருக்கிறது. பந்திங்கையும் தைப்பிங்கையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட மேற்குக் கரை நெடுஞ்சாலையின் பேராப் பகுதிகள் 2019 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டு, தெலுக் இந்தானும் சித்தியவானும் தலைநகர்க்காரர்களுக்கு முன்பைவிட அருகில் வந்துவிட்டன. இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு வந்தது. 2024இல் இந்தியாவிலிருந்து வந்த பயணிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது.

ஆக, பயணிகள் வருகிறார்கள், சாலையும் இருக்கிறது. இந்தக் கடலோரத்தின் உட்பகுதியில் மூன்று நான்கு தலைமுறைகள் பால்மரம் சீவி, தென்னை ஏறி, செம்பனை அறுத்த தமிழர்களின் கதை மட்டும் அந்த அரை நாள் பட்டியலில் அநேகமாக இடம்பெறுவதில்லை. ஏன் என்று கேட்டால் "நம்மை யார் கண்டுகொள்கிறார்கள்" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். அதில் ஓரளவு உண்மை இருந்தாலும் முழுக் காரணம் அதுவன்று. சித்தியவானின் மது ஜாடியையும் தோட்டத்துக் கள்ளுக் குடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவாகும்.

1903இல் கிடைத்த நிலம்

சித்தியவானில் ஃபூச்சாவ் சீனர்கள் குடியேறியது 1903ஆம் ஆண்டில். மெதடிஸ்ட் திருச்சபையின் ஏற்பாட்டில், சீனாவின் ஃபூச்சாவ் வட்டாரத்திலிருந்து குடும்பங்கள் வந்திறங்கின. நெல் விளைவிப்பதற்காகவே பேரா அரசாங்கம் அவர்களை வரவேற்று நிலம் ஒதுக்கியது. வந்தவர்கள் சில ஆண்டுகளிலேயே ரப்பருக்கு மாறினார்கள். சிறு தோட்டம் என்றாலும் சொந்தத் தோட்டம், சொந்த வீடு, பக்கத்திலேயே தேவாலயம், பள்ளிக்கூடம்.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்ததுதான் இன்றைக்குச் சுற்றுலாப் பயணி தேடி வரும் சிவப்பு மது. செய்முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பசையரிசியை ஆவியில் வேகவைத்து ஆறவிடுவார்கள். சிவப்புப் பூஞ்சை படிந்த அரிசியையும் ஈஸ்ட் மாத்திரையையும் கலந்து, தண்ணீர் சேர்த்து, ஜாடியில் மூடி ஒரு மாதம் போல வைத்து வடிகட்டுவார்கள். சிவப்பு நிறம் தருவது அந்தப் பூஞ்சைதான். வடிகட்டிய பின் தங்கும் மண்டியையும் வீணாக்குவதில்லை. கோழியிலும் இறைச்சியிலும் சேர்த்துச் சமைப்பார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உடம்பு தேற இந்த மதுவில் கோழிச் சூப் வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நல்லெண்ணெயும் பூண்டும் சேர்த்துப் பத்தியச் சமையல் செய்யும் தமிழ் வீடுகளுக்கு இது புரியாத சங்கதி அன்று.

இந்த மதுவை யாரும் சுற்றுலாவுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. பாட்டி ஜாடி வைத்தாள், மருமகள் பார்த்துக் கற்றுக்கொண்டாள், பேரன் கடை திறந்தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வீடு இடம் மாறாததால் ஜாடியும் இடம் மாறவில்லை. பயணி வந்து நிற்பதற்கு ஒரு வாசல் இருந்தது.

தென்னையிலிருந்து இறங்கிய கள்

இனி பேரா ஆற்றின் முகத்துவாரத்துக்கு வருவோம். பாகான் டத்தோ 2017இல் தனி மாவட்டமானது. தென்னை என்றாலே நாட்டில் பலருக்கு நினைவுக்கு வரும் ஊர். தெலுக் இந்தானிலிருந்து அங்கே போகும் சாலையின் இருபுறமும் தென்னையும் செம்பனையும்தான். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய பெயர் ஜெண்டராத்தா. டென்மார்க்குக்காரர் ஒருவர் 1906இல் தொடங்கியது, இன்று யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தலைமையிடம். இப்படிப்பட்ட தோட்டங்களில் தேங்காய் பறித்தவர்களிலும், மட்டை உரித்தவர்களிலும், கொப்பரை காயவைத்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம்.

கள் இறக்குவதும் அந்தக் கைகளின் தொழில்தான். அது சாமானியக் கைத்தொழில் அன்று. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பாளை கெட்டுவிடும். காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும், மழையானாலும் சரி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காத இனிப்புப் பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும். மறுநாள் வைத்தால் புளிப்பேறிக் காடியாகும். ஜாடியில் ஒரு மாதம் காத்திருக்கும் அரிசி மதுவுக்கும், காலையில் இறங்கி மாலைக்குள் தீர வேண்டிய கள்ளுக்கும் உள்ள முதல் வேறுபாடு இந்த அவசரம்தான்.

இரண்டாவது வேறுபாடுதான் பெரியது. சிவப்பு மது வீட்டுக்குள் இருந்தது. கள் தோட்டத்துக் கடையில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் வழங்கியது அரசாங்கம். கடை நின்றது பெரும்பாலும் தோட்ட எல்லைக்குள். மரமேறிக்குக் கிடைத்தது கூலி. குடித்தவர் கொடுத்ததும் கூலிப் பணம்தான். சம்பள நாளன்று ஒரு கையால் கொடுத்ததை மாலையில் கள்ளுக்கடை மறு கையால் வாங்கிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வது மிகையன்று.

அதனால்தான் விழித்தெழுந்த தொழிலாளர்கள் முதலில் கைவைத்த இடங்களில் கள்ளுக்கடையும் ஒன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. 1947இல் கெடா பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள், போலீஸ் நடவடிக்கையையும் சந்தித்தார்கள். பின்னாளில் மலிவுச் சம்சு தோட்டங்களுக்குள் புகுந்து எத்தனையோ குடும்பங்களைச் சீரழித்தது. ஆகவே 'கள்' என்ற சொல் தோட்டத்துப் பெண்களின் காதில் அடியாகவும் பசியாகவும் விழுந்ததே தவிர, பாரம்பரியமாக விழவில்லை.

ஒரே கடலோரம், இரண்டு பானங்கள். ஒன்றை இன்று சிறு கிண்ணத்தில் ஊற்றி, மணம் பார்த்து, படம் எடுக்கிறார்கள். மற்றொன்றின் பெயரை வீட்டில் சொல்லக்கூடத் தயங்குகிறார்கள். பானங்களின் தரம் இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. யாருடைய வாசலில் அது விற்றது, பணம் யாருடைய பைக்குப் போனது என்பதே உண்டாக்கியது.

லயத்து வீட்டுக்கு வாசல் உண்டு, பட்டா இல்லை

தோட்டத்து லயம் தொழிலாளியின் வீடு அன்று, நிர்வாகத்தின் வீடு. வேலை இருக்கும்வரை குடியிருக்கலாம், வேலை போனால் வெளியேற வேண்டும். 1950களிலும் 60களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தோட்டத் துண்டாடல் என்ற சொல்லே தமிழர்களுக்கு ஒரு பேரிடரின் பெயரானது. சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்தப் பின்னணியில்தான். நிலம் இல்லாதவனுக்கு வேலை மட்டும் போனதோடு நிற்காது, ஊரே போய்விடும் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை, அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். இளைஞர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் போனார்கள். பல இடங்களில் லயங்கள் இடிக்கப்பட்டன. ஆலமரத்தடி முனியாண்டியும் மாரியம்மனும் நிலப் பிரச்சினைக்குள் சிக்கினார்கள். தோட்டப் பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன. தோட்டத்தின் பெயரோடு பள்ளிக்கூடம் மட்டும் இருக்கும், தோட்டம் இருக்காது.

இந்த நிலையில் சுற்றுலா வேன் எங்கே வந்து நிற்கும்? சொந்தச் சமையலறை இருந்தவர்களிடம் ஜாடி மிஞ்சியது. லயத்தில் இருந்தவர்களிடம் நினைவு மட்டும் மிஞ்சியது. நினைவைக் காட்டுவதற்கும் ஓர் இடம் தேவைப்படுகிறது.

மிச்சம் இருப்பவை

இதற்காக எல்லாமே போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. கடலோரத்தில் தமிழரின் தடம் தெளிவாகத் தெரியும் இடங்கள் இன்றும் உண்டு.

தைப்பிங்கை அடுத்த கோலா செபெத்தாங் ஊருக்குப் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இங்கேதான் 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. பாதை போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை கொண்டுவரப்பட்டது. பின்னர் ரயில்வேயின் கிராணி வேலைகளிலும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைந்தார்கள். இன்று தண்டவாளம் இல்லை, ஆனால் நிலையத்தின் பெயர்ப் பலகை நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளிலும் ஊர்ப்பெயர் அதில் உண்டு. கண்டல் காடு, மின்மினிப் பூச்சி, கரிச் சூளை பார்க்க வருகிறவர்கள் அந்தப் பலகை அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான்காவது எழுத்து ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு தமிழ் வழிகாட்டி இருந்தால் அந்தப் படத்துக்கு இன்னொரு பொருள் கிடைக்கும்.

அதே ஊரின் கரிச் சூளைகள் ஒரு நல்ல பாடம். மாத்தாங் கண்டல் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர். நூறாண்டுக்கு மேலாக, முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி நட்டுப் பராமரிக்கப்படும் காடு. அங்கே வெட்டும் பாக்காவ் மரத்தைக் குவிமாடம் போன்ற செங்கல் சூளையில் அடுக்கி, வாரக்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். வியர்வையும் புகையும் நிறைந்த சாதாரண வேலை. அதை மறைக்காமல், அலங்கரிக்காமல், உள்ளபடி காட்டியதால் அது சுற்றுலா நிறுத்தமானது. வேலைத்தலம் காட்சிக்குரியதாக வேண்டுமானால் அது மாளிகையாக இருக்கத் தேவையில்லை.

பங்கோர் தீவின் சுங்கை பினாங் கெச்சிலில் கடலை நோக்கி அமைந்திருக்கிறது ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம். மாசி மகத்தன்று நாடு முழுவதிலுமிருந்து பக்தர்கள் கடல் தாண்டி வருகிறார்கள். தெலுக் இந்தானில் தண்டாயுதபாணி ஆலயத்தின் சித்ரா பௌர்ணமி ஊரையே நிறைக்கும் விழா. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் அதே நகரில் இருக்கிறது. பாகான் டத்தோவின் கடல் முகத்தில், பேரா சுல்தான்களின் வரலாற்றோடு பிணைந்த பெத்திங் பெராஸ் பாசா மணல் திட்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே அறியப்பட்ட இடம்தான். இவற்றை ஒரு காலைப்பொழுதில் கோத்து, நடுவே தென்னந்தோப்பில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பாளை சீவுவதையும் ஓலை முடைவதையும் ஈர்க்கில் துடைப்பம் கட்டுவதையும் காட்டினால் அது முழுமையான அரை நாள் பயணம்.

புந்தோங் காட்டிய வழி

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஈப்போவைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வியாபாரம் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களின் கைத்தொழில். கடலை வறுப்பதும், முறுக்குப் பிழிவதும், பக்கோடா பொரிப்பதும் வீட்டோடு சேர்ந்த வேலை. தலையில் தட்டு வைத்துத் திரையரங்கு வாசலில் விற்ற பண்டம், இன்று ஈப்போவுக்கு வருகிறவர்கள் வெள்ளைக் காப்பியோடு பொட்டலம் பொட்டலமாக வாங்கிப்போகும் பொருள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் வாங்குகிறார்கள். அரசாங்கத் திட்டம் அதை உருவாக்கவில்லை. வீட்டிலேயே செய்து வாசலிலேயே விற்றதால் பெயர் அவர்களிடமே தங்கியது.

பத்து காஜா அருகேயுள்ள கெல்லி மாளிகை வேறு விதமான உதாரணம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1926இல் இறந்ததால் முடியாமல் நின்ற அந்தக் கட்டடத்துக்குத் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு போனது. அருகிலுள்ள மாரியம்மன் கோவிலின் கூரையில் ஸ்மித்தின் உருவத்தையும் வைத்தார்கள். ஆனால் மாளிகைக்குப் பெயர் கெல்லியுடையது. தோட்ட முதலாளியின் ஆவிக் கதை சொல்லப்படும் அளவுக்குச் செங்கல் சுமந்தவரின் கதை சொல்லப்படுவதில்லை. கதை சொல்கிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் கதாநாயகன் மாறுகிறான்.

கள்ளைக் கிண்ணத்தில் ஊற்றலாமா?

அரை நாள் பயணத்தில் மது சுவைத்தலும் சேர்கிறது என்றால் அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது. சித்தியவானில் சிவப்பு மது போல, சரவாக் நீண்ட வீடுகளில் இபான் மக்கள் விருந்தினருக்குத் தரும் துவாக் போல, பாகான் டத்தோவில் கள்ளை முன்வைக்கலாமா?

வைக்கலாம் என்பவர்களின் வாதத்துக்கு வலு உண்டு. கேரளத்தில் கள்ளுக்கடைகள் மீன் குழம்புக்கும் கப்பைக் கிழங்குக்கும் பேர்போன சாப்பாட்டுக் கடைகளாகவும் மாறி, பயணிகளை இழுக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தொழிலாளர்களே விற்பனையில் பங்கு பெறுகிறார்கள். தொழிலின் இழிவு தொழிலாளியின் தலையில் சுமத்தப்பட்டது, அதைத் துடைக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

வேண்டாம் என்பவர்களின் வாதமும் லேசானதன்று. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. மலேசியாவில் தடை இல்லாவிட்டாலும் கள் இறக்கவும் விற்கவும் 1976 கலால் சட்டப்படி உரிமம் வேண்டும். மது வாங்குவதற்கான வயது 2017 டிசம்பர் முதல் 21. முஸ்லிம்களுக்கு மது ஷரியா சட்டப்படி குற்றம் என்பதால், மதுவை நடுவில் வைத்த பயணம் உள்நாட்டுப் பயணிகளில் பெரும் பகுதியினரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 2018இல் மெத்தனால் கலந்த போலி மது சிலாங்கூரில் பல உயிர்களைக் குடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குடியால் கணவனையும் மகனையும் இழந்த பெண்கள் இன்னும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்கள் கண்முன்னே கள்ளைக் கொண்டாட்டமாக்குவது எந்தப் பாரம்பரியம்?

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதுதான் பதநீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் போதை இல்லை. முறைப்படி தூய்மையாக இறக்கினால் எல்லாரும் குடிக்கலாம், எல்லாச் சமயத்தாரும் வரலாம். கேரளம் 2014இலும் தமிழ்நாடு 2017இலும் தென்னையிலிருந்து நீரா இறக்க வழிவிட்டன. நீராவைக் காய்ச்சினால் கருப்பட்டி. கருப்பட்டியில் காப்பி, பணியாரம், பொங்கல். தேங்காய்ப் பால் ஆப்பம், மீன் குழம்பு, வறுத்த கருவாடு என்று ஒரு மதியச் சாப்பாட்டையே அந்தத் தோப்பில் அமைக்கலாம். மரமேறியின் கத்தி, கயிறு, கலயம் எல்லாம் அதே கத்தி, கயிறு, கலயம்தான். கள்ளுக்கடையின் கதையை மறைக்கவும் வேண்டாம். 1941இல் ஏன் மூடச் சொன்னார்கள் என்பதையும் அதே மரத்தடியில் சொல்லலாம். சொல்லத் தயங்கிய கதையைத் தானே சொல்கிறவனை யாரும் கேலி செய்ய முடியாது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. எஞ்சியிருக்கும் லயங்களுக்குப் பயணிகளை அழைத்துப்போய் வறுமையைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. வீட்டுக்காரர் அழைத்தால் விருந்தாளி, அழைக்காமல் எட்டிப் பார்த்தால் அது வேறு. காட்டுவதா வேண்டாமா, எவ்வளவு காட்டுவது, என்ன விலை என்பதை அங்கே வாழ்கிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் கேட்பது என்ன?

ஆர்வத்தில் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து ஆள் சேர்த்துவிட முடியாது. 1992 சுற்றுலாத் தொழில் சட்டம், அதாவது 482ஆவது சட்டம், சுற்றுலா நடத்தும் நிறுவனத்துக்கும் வழிகாட்டிக்கும் தனித்தனியே உரிமம் கேட்கிறது. வழிகாட்டிகளில் பொது வழிகாட்டிக்கு நீல வில்லை, இயற்கை வழிகாட்டிக்குப் பச்சை வில்லை. பயிற்சி எடுத்து, தேர்ச்சி பெற்று, சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் பயணிகளை அழைத்துச் செல்வது குற்றம். வாகனத்துக்கும் அதற்குரிய அனுமதி வேண்டும்.

இதைக் கேட்டதும் பின்வாங்க வேண்டியதில்லை. எல்லாரும் நிறுவனம் தொடங்கத் தேவையில்லை. ஏற்கெனவே உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றோடு பேசி, தோப்பிலோ கோவில் மண்டபத்திலோ ஒரு மணி நேர நிகழ்ச்சியை மட்டும் நடத்தித் தரலாம். பூ கட்டுதல், ஓலை முடைதல், கோலம், சமையல் என எதுவாக இருந்தாலும் தலைக்கு இவ்வளவு என்று பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய முதல் தேவையில்லாத தொடக்கம் இது. இன்னொரு பக்கம், தமிழ்ப் பட்டதாரிகள் இரண்டு பேர் நீல வில்லை வாங்கினால் போதும், தமிழகத்திலிருந்து வரும் குழுவுக்கு பேராவைத் தமிழிலேயே சொல்ல ஆள் கிடைத்துவிடும். பத்துமலையோடு ஊர் திரும்பும் அந்தப் பயணி, தன் ஊர் முன்னோர்கள் கப்பலேறி வந்து எங்கே போனார்கள் என்பதைப் பார்க்காமலே போகிறார்.

மித்ராவுக்கு ஆண்டுதோறும் பத்து கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. மானியம் எங்கே போனது என்ற கேள்வி பலமுறை எழுந்ததும் எல்லாருக்கும் தெரியும். தையல் இயந்திரமும் தள்ளுவண்டியும் கொடுப்பதோடு, வழிகாட்டிப் பயிற்சிக் கட்டணத்தையும் தோப்புக் குத்தகைக்கான முதல் தொகையையும் சேர்த்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தோட்டங்கள் போன பிறகும் பல ஊர்களில் தமிழர்களுக்கென நிலைத்து நிற்கும் வாசல் ஆலயம் மட்டுமே. திருவிழா நாள் தவிர மற்ற நாள்களில் அந்த மண்டபம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. வாரம் ஒரு காலை அதைத் திறந்து, பழைய படங்களையும் பால் வாளியையும் உளியையும் சுவரில் மாட்டினாலே ஒரு சிறு காட்சியகம் உருவாகிவிடும்.

இதில் தள்ளிப்போட முடியாத விஷயம் ஒன்று உண்டு. பாளை சீவத் தெரிந்தவர்களும், கொப்பரைச் சூளையின் சூட்டைக் கையால் அளந்தவர்களும், தோட்டத்துக் கூத்தில் வேஷம் கட்டியவர்களும் இன்று முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் பெற்றவர்களே நகரத்துக்கு அனுப்பினார்கள், அது நியாயமான ஆசைதான். ஆனால் தொழிலைவிட்டு வெளியேறுவதும் அதன் அறிவைத் தொலைப்பதும் ஒன்றன்று. சித்தியவானில் பேரன் பட்டம் படித்தும் பாட்டியின் ஜாடி தொடர்கிறது.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் குடும்பங்கள் லுமுட்டுக்கும் பங்கோருக்கும் போகத்தான் போகின்றன. கோம்பியா வாங்குவார்கள், கடலில் குளிப்பார்கள். தாத்தா இருக்கும் குடும்பமாக இருந்தால், போகிற வழியில் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர்ப் பலகை அருகே வண்டியை நிறுத்தி, எந்த லயம் எங்கே இருந்தது என்று கேட்டுப் பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்லலாம். அதற்கு உரிமமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். பேரா கடலோரத்தில் தமிழர் நடத்தும் முதல் சுற்றுலாவுக்கு வேண்டிய கையேடு அந்தக் குறிப்புப் புத்தகத்திலிருந்துதான் வர முடியும்.